ஆறெழுத்துப் பெயர்

பெயர் வைப்பதில் அந்த நாளில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. பஸ் டிக்கட்டைத் தொலைத்துவிடுவேனோ என்று இறங்கும்வரை கைக்குள் பொத்தி வைத்திருப்பேன். யாராவது பின்னாலிருந்து "ஐயா" என்று கூப்பிட்டால், நான் என்ன தவறு செய்தேன் என்றுதான் முதலில் யோசிப்பேன். ஆனால் கணினிக்கு எழுதும் நிரலுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தால் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து செய்த ஒரே காரியம் அதுதான், அதுவும் விளங்காமல் போயிற்று.

எழுபதுகளின் தொடக்கம். கொழும்பில் ஒரு தனியார் கணக்கீட்டு நிலையத்தில் நிரல் எழுதும் வேலை எனக்கு. மாத்தளைப் பக்கத்தில் பல தோட்டங்களை நிர்வகித்த கம்பெனி ஒன்று எங்களுக்கு வேலை கொடுத்தது. அந்தக் கம்பெனியின் மாத்தளைக் கிளை அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, என்னை அனுப்பினார்கள். யட்டவத்த பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஓர் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன் நான். தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலைப் புரட்டத் தெரியும், தமிழும் சிங்களமும் பேச வரும். அதனால் அனுப்பினார்கள்.

மாத்தளையில் கணினி கிடையாது. பிரதான வீதியில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் மேசை ஒன்று, கட்டம் போட்ட தாள், பென்சில், அழிறப்பர். அவ்வளவுதான் என் ஆயுதம். கட்டத்துக்கு ஒரு எழுத்தாக நிரலை எழுதி, வெள்ளிக்கிழமை பார்சலாகக் கட்டி ரயிலில் அனுப்புவேன். கொழும்பில் அதை அட்டைகளில் துளையிட்டு மெஷினில் ஓட்டுவார்கள். அடுத்த வாரம் இரு விளிம்பிலும் ஓட்டை போட்ட அகலக் காகிதம் திரும்பி வரும். ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு வாரம் போச்சு. கீழே கடையில் மிளகாயும் கொறுக்காய்ப் புளியும் கொட்டிக் கொண்டிருப்பார்கள். தும்மிக்கொண்டே எழுதுவேன்.

முதல் வேலை சாமான் பட்டியல். மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, உரமூட்டை என்று தோட்டம் தோட்டமாக என்னென்ன கிடக்கிறது என்று தொகுக்க வேண்டும். இதற்கு அடிக்கடி வேண்டிய சின்னச் சின்ன நிரல்களை ஒருமுறை எழுதி ஒன்றாக வைத்துக்கொண்டால், பிறகு யார் வேண்டுமானாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கலாம். அந்தத் தொகுப்பை லைப்ரரி என்போம். கூப்பிடுகிறவர் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கமாட்டார். போத்தலில் ஒட்டிய சீட்டைப் படித்து மருந்து குடிக்கிற மாதிரி, பெயரை மட்டும் நம்புவார். அந்தப் பெயருக்கு ஆங்கில எழுத்து ஆறுதான் இடம்.

ஆறே எழுத்தில் அழகாக வைக்க வேண்டும் என்பது என் வெறி. வரிசைப்படுத்தும் நிரலுக்கு 'சோர்ட்டட்', இரண்டு பட்டியலைச் சேர்ப்பதற்கு 'மேர்ஜ்ட்', ஒரே சாமான் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் நிரலுக்கு 'சிங்கிள்'. எல்லாம் ஆறெழுத்து. கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் பெயர். எப்படிச் செய்தது, எதை உடைத்தது என்ற சமையற்கட்டு விவகாரம் விருந்தாளிக்கு எதற்கு என்பது என் கட்சி.

கொழும்பில் என் நிரல்களைச் சரிபார்த்தவர் என்னைவிட மூத்த சிங்களப் பெண்மணி. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை மல்லி என்பார். தம்பி என்று அர்த்தம். தாள்களின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். 'சிங்கிள்' எழுதிய தாளில் இப்படி எழுதியிருந்தார்: "இது புதுப் பட்டியல் எதுவும் தருவதில்லை. நாம் கொடுத்த பட்டியலுக்குள்ளேயே புகுந்து அழிக்கிறது. பெயரில் அது தெரியவேண்டும். கில்டப் என்று வை." இரட்டையைக் கொல் என்பதன் சுருக்கம் அது. அதுவும் ஆறெழுத்துதான்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் மெஷினின் ஞாபகம் சின்னது, இரண்டு பட்டியலை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள இடமில்லை. அதனால் வந்த பட்டியலிலேயே வெட்டித் தள்ளும்படி எழுதியிருந்தேன். ஆனாலும் எனக்கு ரோசம் வந்தது. "கொலைகாரன் வீட்டுப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது மிஸ்" என்று பதில் எழுதினேன். அடுத்த வாரம் அதன் கீழே அவருடைய பென்சில்: "கொலைகாரன் வீட்டில் அப்படி ஒரு பலகை இருந்தால் நல்லதுதானே, மல்லி?"

நான் அசையவில்லை. செய்யும் காரியத்தைச் சொல்லும் பெயரா, கிடைக்கும் பலனைச் சொல்லும் பெயரா என்று ஒரு மாதம் தாள் ஓரங்களில் சண்டை போட்டோம். கடைசியில் மேலதிகாரி, எழுதினவன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டேன். அன்றைக்கு நானாகவே கடையில் போண்டா வாங்கித் தின்றேன்.

அதற்குப் பிறகுதான் மனிதர் பட்டியல் வந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த தோட்டத் தொழிலாளர்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கேயே குடியுரிமை பெறுவது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்த காலம். ஒவ்வொருவரும் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் கப்பலுக்கும் தம்பி இங்கேயே இருக்கவும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்குத் தன் தோட்டங்களில் போகிறவர்கள் ஒரு பட்டியலாகவும் இருக்கிறவர்கள் ஒரு பட்டியலாகவும் வேண்டும். போகிறவர் பெயர் செக்ரோலில் வெட்டப்படும். பெயர் வெட்டினால் வேலை இல்லை, காம்பரா இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு 'பேர் வெட்டிட்டாங்க' என்பது சாவுச் செய்தி மாதிரி. அந்தப் பட்டியலை நான் தயாரித்தேன்.

எங்கள் வீட்டிலும் அதே பிளவு. பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், கப்பலுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய மகள்கள் இருவரையும் திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பா மறுத்துவிட்டார். அவர் பத்துப் பதினைந்து பேரை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணி. அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துபோனாள். "ஒங்கம்மா இந்த மலையிலதான் கெடக்கா. அவள விட்டுட்டு நான் எங்க போறது?" என்று சொல்லி, இங்கேயே இருப்பதற்கு எழுதிக்கொடுத்தார். அவர் சொன்னதற்கு மேலே வேறு பேச்சு இருக்கவில்லை.

பட்டியல் நன்றாக வந்தது. அட்டைப் பெட்டியில் மை மணக்க மணக்க ரயிலில் வந்து இறங்கியபோது எனக்கு ஒரே பெருமை. முகப்புத் தாளில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் எத்தனை பெயர் என்று ஓர் எண் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று, கடைசி நேரத்தில் நானே ஒரு வரி சேர்த்திருந்தேன். தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பிவைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, பெரியப்பா மாடிப்படி ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"தம்பி, ஒங்கப்பனும் எங்ககூட வாறான்ப்பா. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல கிளாக்கரு வாசிச்சாரு. நான் எத்தன தடவ கூப்புட்டேன், கேட்டானா? இப்ப பாரு, பேப்பரே கூப்புடுது."

"அப்பா இங்க இருக்கத்தானே எழுதிக் குடுத்தாங்க பெரியப்பா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இருக்கிற ஆளுங்க லிஸ்ட்ல அவன் பேரு இல்லையாமே. போற லிஸ்ட்லதான் இருக்காம். ஒனக்குத் தெரியாததா?"

பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அவரை அனுப்பியது ஞாபகம் இருக்கிறது. என்ன பேசினேன் என்பது ஞாபகம் இல்லை. அவர் படி இறங்கினதும் பட்டியலின் பிரதியை எடுத்து எங்கள் தோட்டத்துப் பக்கத்தை விரித்தேன். இருக்கிறவர்கள் பட்டியலில் விரலை வைத்து அப்பாவின் பெயரைத் தேடினேன். இல்லை. போகிறவர்கள் பட்டியலில் ஒரே ஒரு முறை இருந்தது. பக்கத்தில் இருந்த செக்ரோல் நம்பர் பெரியப்பாவுடையது.

அப்போது என் வயது இருபத்தெட்டு. அன்றுவரை அப்பாவின் பெயரை நான் தேடிப் பார்த்ததே இல்லை. எங்கள் சனத்தில் பெற்ற தகப்பன் பெயரைப் பிள்ளை வாயால் சொல்லமாட்டான். விண்ணப்பப் பாரங்களில் எழுதுவோம், எழுதிவிட்டு மறந்துபோவோம். அப்பா அப்பாதான், பெரியப்பா பெரியப்பாதான். இருவருக்கும் ஒரே குலசாமியின் பெயர் என்பது தெரியாமல் இல்லை, ஆனால் அது ஒரு நாளும் என் மூளையில் உறைத்ததில்லை. பெரிய, சின்ன என்று முன்னால் சேர்த்துத்தான் லயத்தில் கூப்பிடுவார்கள். செக்ரோலில் எழுதிய கிளாக்கர்மார் பெரியதையும் சின்னதையும் விட்டுவிட்டுச் சாமியை மட்டும் எழுதினார்கள். நம்பர்தான் வேறு. ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே தோட்டம்.

ஒரே சாமான் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்.

முகப்புத் தாளுக்கு எண் போடுவதற்காக நான் சேர்த்த அந்த ஒரு வரி, பட்டியலை இரண்டாகப் பிரிக்கும் முன்பே 'சிங்கிள்' என்பதைக் கூப்பிட்டிருந்தது. மண்வெட்டிக்காக எழுதின நிரல். மண்வெட்டிக்கு ஏது நம்பர்? அதனால் நம்பரைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்க்கும்படி எழுதியிருந்தேன். ஒருவரை இரண்டு முறை சேர்க்காமல் எண்ணி மட்டும் சொல்லும், பட்டியல் அப்படியே இருக்கும் என்ற நினைப்பில் கூப்பிட்டேன். அது உள்ளே புகுந்து, முதலில் வந்த அண்ணனை வைத்துக்கொண்டு, அதே பெயருள்ள எல்லாத் தம்பிமாரையும் அழித்துவிட்டு, மிச்சத்தை எண்ணி எனக்குச் சொன்னது. எழுதினவனும் நானே, அழிக்கும் என்று தெரிந்தவனும் நானே, மிஸ் சொன்னபோது சண்டை போட்டு ஜெயித்தவனும் நானே. நான் வைத்த பெயரை நானே நம்பிவிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

அலமாரியில் மற்றத் தோட்டங்களின் செக்ரோல் பிரதிகள் இருந்தன. ஒன்றை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு தம்பி இல்லை. ஆறாம் பக்கத்தில் ஒரு தம்பி இல்லை. ஒரு சாமி பெயரையே மூன்று பிள்ளைகளுக்கு வைத்து, பெரிய, நடு, சின்ன என்று கூப்பிட்ட குடும்பத்தில் இரண்டு பேர் இல்லை. விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன், பிறகு பயத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கீழே கடையில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது நான் செய்த காரியத்தை இப்போது சொல்லத்தான் வேண்டும். கந்தோர் டைப்ரைட்டரில் பட்டியல் தாளைச் சொருகினேன். அப்பாவின் பெயரை மட்டும் இருக்கிறவர்கள் பக்கத்தில் அடித்துவிட்டு, அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், திருத்தப் பிரதி என்று கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் மூன்று எழுத்தை அடித்தும் விட்டேன். நல்லவனாக இருந்ததால் நிறுத்தவில்லை. டைப்ரைட்டர் எழுத்து மெஷின் எழுத்தைப்போல இல்லை, பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் நிறுத்தினேன். மற்றத் தம்பிமாரைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

தபால் கந்தோருக்கு ஓடி கொழும்புக்கு ட்ரங்க் கோல் போட்டேன். ஒரு மணித்தியாலம் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைத்து மிஸ் பேசினார். அவர் கேட்கும் முன்னாலேயே, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, "மெஷின்ல ஒரு பிழையும் இல்ல மிஸ்" என்று தொடங்கினேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் திட்டவில்லை, லைனில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"மல்லி, பழைய அட்டை எல்லாம் இங்க இருக்கு. மெஷின் டேப்பில அழிஞ்சாலும் அட்டையில இருக்கும். வியாழக்கிழமை மெஷின் கிடைக்கும், அதுக்கு முன்னால கிடைக்காது. நீ வந்து நம்ம மேலதிகாரிகிட்ட உன் வாயால சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

"வேலை போயிடுமா மிஸ்?"

"போகலாம். நீ முதல்ல வீட்டுக்குப் போ. பேர் வெட்ட முன்னால நிறுத்து."

பெயர் விஷயத்தில் நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன்.

யட்டவத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. இறங்கித் தோட்டத்துக்குள் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. காலில் அட்டைப்பூச்சி ஏறியதுகூடத் தெரியவில்லை. அப்பா வேலைக்காட்டில் இருப்பார், நேரே அங்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று மனதில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

அப்பா வேலைக்காட்டில் இல்லை. லயத்து இஸ்தோப்பில், அந்த ஒடுக்கமான முன்திண்ணையில், குளித்துத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய தகரப்பெட்டி. உள்ளே எட்டிப் பார்த்தேன். காம்பரா கழுவித் துடைத்திருந்தது. சுவரில் சாமிப்படங்கள் இருந்த இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. கோழிகள் இல்லை.

"கோழி எங்கப்பா?"

"அடுத்த காம்பராவுக்குக் குடுத்துட்டேன் சாமி. அதுகள கப்பல்லயா ஏத்துறது?" என்று சிரித்தார். "சனிக்கெழம கிளாக்கரு கையெழுத்து வாங்கிட்டாரு. காம்பராவ விடுறேன்னு. நானும் போட்டுட்டேன்."

"ஏம்ப்பா போட்டீங்க? நீங்க இங்க இருக்கத்தானே எழுதிக் குடுத்தீங்க? கேக்க வேண்டியதுதானே?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பேப்பரு ஒன் கந்தோருல இருந்து வந்தது சாமி. நீ பண்ணது. ஏதோ காரணம் இல்லாமயா செஞ்சிருப்ப? நான் போயி, இது தப்புன்னு சத்தம் போட்டா, ஒன் வேலைக்கு ஏதாச்சும் வந்துட்டா? அதான் பேசாம போட்டுட்டேன்."

நான் அந்த ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வேலையைக் காப்பாற்றத் தன் வீட்டையும் அம்மா கிடக்கும் மலையையும் ஒரு கையெழுத்தில் கொடுத்திருக்கிறார். நானோ சற்றுமுன் போனில் வேலை போய்விடுமா என்று கேட்டவன். அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன். ஒரு காரணமும் இல்லை, என் பிழை, ஒரு நிரலுக்கு அழகாக ஒரு பெயர் வைத்தேன், அது என்ன செய்யும் என்பதை மறந்துபோனேன், அது உங்களை அழித்துவிட்டது என்று சொன்னேன். அவருக்குப் பாதி விளங்கியிருக்காது.

"மிசினு தப்புப் பண்ணுமா?"

"மிசின் பண்ணலப்பா. நான் பண்ணினேன்."

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒன்று மாறியது. அப்பா பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. காட்டுப்பன்றி வந்தாலும் கத்தியோடு முன்னால் போகிற மனிதர். பேப்பர் உண்மை என்று நினைத்தவரை அவர் தைரியமாகத்தான் இருந்தார். பேப்பர் பொய்யாகவும் இருக்கலாம், அதுவும் பெற்ற மகனே அப்படி ஒன்றை அனுப்பலாம் என்று தெரிந்த பிறகுதான் அவர் தகரப்பெட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இனிமே எத நம்புறது சாமி?" என்றார்.

இருவரும் கிளாக்கரிடம் போனோம். அவர் தோட்டத்துக்குப் புதிது, அண்ணனையும் தம்பியையும் முகம் பார்த்துத் தெரியாது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தம்பி, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா மெஷின் பேப்பர நான் பேனையால மாத்தினா தோட்டத்து தொர என் பேர வெட்டிருவாரு. நீங்க இன்னொரு மெஷின் பேப்பர் கொண்டாங்க. மாசக் கடைசிவரைக்கும் நான் கை வைக்கல. அதுக்கு மேல என்னால ஏலாது."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

வியாழக்கிழமை விடிய ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். மேலதிகாரியின் அறைக்கு வெளியே சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். உள்ளே போய், என் வாயால் சொன்னேன். அவர் கத்தினார். கத்தி முடித்ததும், முதலில் திருத்து, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார். அந்த 'பிறகு' ஒரு வருடம் என் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் விழவில்லை. மிஸ்ஸும் நானும் அட்டைகளை மறுபடி ஓட்டினோம். முகப்புத் தாளில் எண் எதுவும் போடவில்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது லைப்ரரித் தாளை எடுத்து 'சிங்கிள்' என்பதைக் கோடிட்டு வெட்டி 'கில்டப்' என்று எழுதினேன். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். கொடுத்ததை மாற்றுகிற நிரல் எதுவோ அதன் பெயரில் அந்த அக்கிரமம் முதலில் வரவேண்டும், ஒன்றையும் தொடாமல் பார்த்துச் சொல்லுகிற நிரலுக்கு மட்டும் சாதுவான பெயர் வைக்கலாம் என்று ஒரு விதி எழுதினேன். அசிங்கமான பெயர்கள். வாயில் வராத பெயர்கள். மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் பென்சிலை நீட்டி ஓர் எழுத்தைத் திருத்தினார்.

புதுப் பட்டியலை இம்முறை நானே ஒவ்வொரு தோட்டமாகக் கொண்டுபோனேன். பல்லேபொல பக்கத்தில் ஒரு தோட்டத்தில், பட்டியலில் இல்லாமல் போன ஒரு தம்பியின் காம்பரா பூட்டிக் கிடந்தது. பெயர் வெட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதும், மாதக் கடைசிவரை காத்திராமல், பெண்சாதி பிள்ளைகளோடு புறப்பட்டுப் போய்விட்டாராம். வவுனியாப் பக்கம் என்றார் ஒருவர், இல்லை மன்னார் என்றார் இன்னொருவர். அங்கே காட்டு நிலம் வெட்டிக் குடியிருக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். அவர் பெயர் புதுப் பட்டியலில் சரியான இடத்தில், சரியான நம்பரோடு இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது? கொஞ்ச நேரம் அந்தப் பூட்டின் முன்னால் நின்றுவிட்டு வந்தேன். இன்றுவரை அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

அப்பாவின் பெயர் செக்ரோலில் தங்கியது. காம்பரா தங்கியது. பெரியப்பா இரண்டு மாதத்தில் கப்பலேறினார். தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் அவரை ஏற்றிவிடும்போது அப்பா அழுதார், ஆனால் தளர்ந்துவிடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினேன். அதற்குள் என்னை மறுபடி கொழும்புக்கு மாற்றியிருந்தார்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கையில் வேறு உறை இல்லாததால் எங்கள் கணக்கீட்டு நிலையத்தின் நீள உறையில் போட்டு, விலாசத்தையும் அங்கேயே டைப் செய்து அனுப்பினேன். தீபாவளிக்கு முதல்நாள் பிற்பகல் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இஸ்தோப்பில் அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கயிறு கட்டிய தகரப்பெட்டி. உள்ளே சுவரில் படங்கள் இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார், மகனைக் கண்டு எழுந்திருக்கும் மனிதர் அல்ல அவர்.

"எங்க போகணும் சாமி?" என்றார். "அஞ்சு நாளா ரெடியாத்தான் இருக்கேன்."

மெஷின் எழுத்தில் விலாசம் போட்ட என் கடிதம் அவருடைய சட்டைப்பையில் பிரிக்காமல் இருந்தது. வாங்கி, கிழித்து, உரக்கப் படித்துக் காட்டினேன். தீபாவளிக்கு வருகிறேன், உங்களுக்கு ஒரு வேட்டி எடுத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, அதையே இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.